எதிரணியும் யோசிக்கும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு டம்ளர் காபியோடு உட்கார்ந்தால் முடித்துவிடலாம்.

கால்பந்து வர்ணனையைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறீர்களா? தாக்குதல், தற்காப்பு, அரண், முற்றுகை, எதிர்த்தாக்குதல் என்று எல்லாமே போர்க்களத்துச் சொற்கள். இது வெறும் பேச்சு அலங்காரமா, இல்லை போர்க்கலைக்கும் கால்பந்துக்கும் உண்மையிலேயே உறவு உண்டா? பள்ளியில் வரலாறு நடத்திய காலத்தில் மாணவர்கள் என்னை அடிக்கடி இந்தக் கேள்விக்குள் இழுத்துவிடுவார்கள். மதிய உணவுக்குப் பிந்தைய பீரியடில் ஹனிபால் என்று ஆரம்பித்தால் கடைசி பெஞ்சு தூங்கிவிடும். அதே ஹனிபாலைக் கரும்பலகையில் 11 புள்ளி, 11 பெருக்கல் குறி என்று போட்டுக் காட்டினால் நிமிர்ந்து உட்காரும்.

என் பதில், உறவு உண்டு என்பதுதான். ஆனால் பலர் தேடுகிற இடத்தில் அது இல்லை. வெறி, ஆவேசம், எதிரியை நசுக்குவது என்ற திசையில் தேடுகிறார்கள். அங்கே கிடைப்பது ஃபவுலும் சிவப்பு அட்டையும்தான். உண்மையான உறவு எங்கே இருக்கிறது என்று காட்ட இரண்டு கதைகளை அருகருகே வைக்கிறேன். ஒன்று, ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முன் ரோமுக்கும் கார்த்தேஜுக்கும் நடந்த போர். மற்றது, 1953 நவம்பரிலிருந்து 1954 ஜூலை வரை ஹங்கேரி கால்பந்து அணிக்கு நடந்தது.

வலி, காலம், இடம்

கதைக்குள் போகும் முன் ஓர் அடிப்படை. திருக்குறளின் பொருட்பாலில் 48, 49, 50 என்று மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன: வலியறிதல், காலமறிதல், இடனறிதல். எவ்வளவு பலத்தை, எப்போது, எங்கே. போர்த்திட்டம் என்ற பெயரில் உலகம் எழுதியதில் பெரும்பகுதி இந்த மூன்று தலைப்புகளுக்குள் அடங்கிவிடும். வலியறிதலின் முதல் குறள், தன் பலத்தோடு எதிரியின் பலத்தையும் எடைபோடச் சொல்கிறது. இந்த 'எதிரியின் பலம்' என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவின் முடிவு வரை அது கூடவே வரும்.

இப்போது கால்பந்து மைதானம். சர்வதேச ஆட்டங்களில் வழக்கமான அளவு 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். 7,000 சதுர மீட்டருக்கு மேல். கோல்கீப்பரை விட்டால் ஓர் அணிக்குப் பத்துப் பேர். ஆளுக்கு 700 சதுர மீட்டர், அதாவது 16 சென்ட்டுக்கு மேல்! இவ்வளவு இடத்தையும் பத்துப் பேரால் காவல் காக்க முடியாது. ஆகவே எங்கே ஆட்களைக் குவிப்பது, எங்கே துணிந்து வெறுமையாக விடுவது என்று ஒவ்வொரு பயிற்சியாளரும் முடிவு செய்தே ஆகவேண்டும். படைத்தளபதியின் கவலையும் இதுதான்.

இதற்கு மிகப் பழைய பாடம் கி.மு. 371இல் கிரேக்கத்தில் லியூக்ட்ரா என்ற இடத்தில் கிடைத்தது. ஸ்பார்ட்டாவின் காலாட்படையைத் திறந்த வெளியில் வெல்லவே முடியாது என்று எல்லாரும் நம்பிய காலம். எதிரே தீப்ஸ் நகரத்தின் படை, எண்ணிக்கையில் சிறியது. அன்றைய வழக்கத்தில் ஈட்டி வீரர்கள் எட்டு முதல் பன்னிரண்டு வரிசை ஆழத்தில் நிற்பார்கள். சிறந்தவர்களுக்கு வலது கோடியில் இடம். தீப்ஸ் தளபதி எபாமினோன்டாஸ் வழக்கத்தைத் தலைகீழாக்கினார். தன் இடது கோடியில், ஸ்பார்ட்டாவின் மன்னன் கிளியோம்புரோட்டஸ் நின்ற பகுதிக்கு நேர் எதிரே, 50 வரிசை ஆழத்துக்கு ஆட்களைக் குவித்தார். மற்றப் பகுதிகளை மெலிதாக்கி, பின்தங்கியே வரச் சொன்னார். அந்த 50 வரிசையின் இடியில் மன்னன் மாண்டான். தீப்ஸின் மெலிந்த வலப்பக்கம் சரியாக மோதுவதற்கு முன்பே முடிவு தெரிந்துவிட்டது.

இன்று தொலைக்காட்சியில் பாருங்கள். ஓர் அணி இடது பக்கத்தில் நாலைந்து பேரைச் சேர்த்துச் சின்னச் சின்ன பாஸ்களாகப் போட்டுக்கொண்டே இருக்கும். எதிரணி முழுவதும் அந்தப் பக்கம் சரியும். திடீரென்று ஒரு நீண்ட பாஸ் வலது கோடிக்குப் போகும். அங்கே ஒரே ஒரு விங்கர், அவருக்கு எதிரே ஒரே ஒரு தடுப்பாளர். லியூக்ட்ராவில் கூட்டம் சேர்ந்த இடத்திலேயே அடி விழுந்தது. இங்கே கூட்டத்தைக் காட்டிவிட்டு வேறிடத்தில் அடி விழுகிறது. எல்லா இடத்திலும் சமமாக இருக்கத் தேவையில்லை, முடிவு நிர்ணயமாகும் இடத்தில் மிஞ்சி நின்றால் போதும் என்ற கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான்.

கேன்னே: நடுவில் ஒரு பள்ளம்

கி.மு. 216, ஆகஸ்ட் 2. தென்கிழக்கு இத்தாலியில் கேன்னே என்ற ஊர். ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வந்து இரண்டு ஆண்டுகளாக இத்தாலியை அலைக்கழித்த ஹனிபாலை ஒரேயடியாக முடித்துவிட ரோம் எட்டு லெஜியன்களையும் நேசப் படைகளையும் திரட்டியது. ஏறக்குறைய 80,000 பேர். ஹனிபாலிடம் இருந்தது சுமார் 50,000.

ரோமர்களின் திட்டம் நேரடியானது. நடுப்பகுதியில் மிக ஆழமாக ஆட்களை அடுக்கி, இடித்து உடைத்துக்கொண்டு போவது. ஹனிபால் இதை முன்கூட்டியே ஊகித்தார். தன் வரிசையின் நடுப்பகுதியை எதிரியை நோக்கிப் புடைத்த பிறை வடிவில் நிறுத்தினார். அங்கே கால் நாட்டவரும் ஐபீரியரும். இரு ஓரங்களிலும், சற்றுப் பின்தள்ளி, அனுபவம் மிக்க ஆப்பிரிக்கக் காலாட்படை. மகாபாரதத்தில் அர்த்தசந்திர வியூகம் என்று படித்திருப்பீர்கள். ஏறத்தாழ அந்த உருவம்.

ரோமர்கள் இடித்தார்கள். பிறை மெல்லப் பின்வாங்கித் தட்டையானது, பிறகு உள்பக்கமாகக் குழிந்தது. ஜெயிக்கிறோம் என்ற உற்சாகத்தில் ரோமர்கள் மேலும் மேலும் அந்தக் குழிக்குள் நெருக்கிக்கொண்டு போனார்கள். அப்போது ஓரங்களில் நின்ற ஆப்பிரிக்கப் படை இருபுறமும் உள்நோக்கித் திரும்பியது. ரோமானியக் குதிரைப்படையைத் துரத்திவிட்டு வந்த ஹனிபாலின் குதிரைப்படை பின்புறத்தை அடைத்தது. பெரிய படை சின்னப் படையால் நாலா பக்கமும் சூழப்பட்டது. சக்கர வியூகத்துக்குள் போன அபிமன்யுவின் நிலை, இங்கே பல்லாயிரம் பேருக்கு. வாள் வீசக் கை அசைய வேண்டும், அதற்குக்கூட இடமில்லாமல் நெருங்கி நின்றார்கள். ரோமின் இழப்பு 50,000க்குச் சற்றுக் குறைவு என்கிறார் லிவி. 70,000 என்கிறார் பாலிபியஸ்.

இங்கே கவனிக்க வேண்டியது: ரோமர்களின் பலத்தையே ஹனிபால் அவர்களுக்குப் பலவீனமாக்கினார். அவர்கள் முன்னேறுவார்கள் என்பதை நம்பித்தான் அவருடைய திட்டமே நின்றது.

வெம்பிளி: 9ஆம் எண் எங்கே போனார்?

இப்போது 20ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். 1925இல் ஆஃப்சைடு விதி மாறியது. அதுவரை முன்னால் நிற்கும் ஆட்டக்காரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும். அதை இரண்டாகக் குறைத்தார்கள். கோல்கள் குவியத் தொடங்கின. அந்த அக்டோபரில் ஆர்சனல் அணி நியூகாஸிலிடம் 0-7 என்று உதை வாங்கியது. ஆர்சனலின் புதிய மேலாளர் ஹெர்பர்ட் சாப்மேன், மூத்த ஆட்டக்காரர் சார்லி புக்கனின் யோசனையை ஏற்று, நடுக்களத்தில் உலவிக்கொண்டிருந்த சென்டர் ஹாஃபைப் பின்னால் இழுத்துத் தடுப்பு வரிசையின் நடுவில் நிறுத்தினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் டபிள்யூ-எம் அமைப்பு. தாக்கும் ஐவரைக் கோட்டால் இணைத்தால் டபிள்யூ, தடுக்கும் ஐவரை இணைத்தால் எம். இந்த அமைப்பில் 5ஆம் எண் சென்டர் ஹாஃபின் வேலை, எதிரணியின் 9ஆம் எண் சென்டர் ஃபார்வர்டை நிழல்போல் தொடர்வது.

சாப்மேன் காலத்தில் இது புரட்சி. 28 ஆண்டுகள் கழித்து இங்கிலாந்துக்கு அது வேதவாக்காகிவிட்டிருந்தது. 9ஆம் எண் என்றால் முன்னால்தான் நிற்பார் என்று அவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள்.

1953 நவம்பர் 25, வெம்பிளி மைதானம், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பார்வையாளர்கள். அதுவரை இங்கிலாந்து தன் சொந்த மண்ணில் ஐரோப்பியக் கண்டத்து அணி எதனிடமும் தோற்றதில்லை. வந்த ஹங்கேரி, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணி. பயிற்சியாளர் குஸ்டாவ் செபெஷ் முன்கூட்டியே ஆங்கிலேயர் ஆடும் வகைப் பந்துகளை வாங்கிவந்து, வெம்பிளி அளவில் களம் குறித்துப் பயிற்சி கொடுத்திருந்தார். எதிரியின் பலத்தையும் இடத்தையும் எடைபோட்ட வேலை அது.

ஆட்டம் தொடங்கியது. ஹங்கேரியின் 9ஆம் எண் நாண்டோர் ஹிடெக்குட்டி முன்னால் நிற்கவில்லை. நடுக்களத்துக்கு இறங்கிவிட்டார். இங்கிலாந்தின் 5ஆம் எண் ஹாரி ஜான்ஸ்டனுக்கு இரண்டே வழி. பின்தொடர்ந்து போனால் தடுப்பு வரிசையின் நடுவில் பெரிய ஓட்டை விழும், அதில் புஷ்காஷும் கோச்சிஷும் பாய்வார்கள். போகாமல் நின்றால் ஹிடெக்குட்டியைத் தடுக்க ஆளே இல்லை, அவர் நிதானமாகத் தலையைத் தூக்கிப் பார்த்து பாஸ் போடுவார். இரண்டுமே தோல்விக்கான வழி. கேன்னேயின் பிறை பின்வாங்கியதுபோல் இங்கே ஓர் ஆள் பின்வாங்கினார். இருக்க வேண்டிய ஆள் இல்லாமல் போவதும் ஓர் ஆயுதம் என்று இங்கிலாந்து அன்றுதான் பார்த்தது.

முதல் நிமிடத்திலேயே ஹிடெக்குட்டி கோல். 27 நிமிடத்துக்குள் 4-1. முடிவு 6-3. ஹிடெக்குட்டி மூன்று, புஷ்காஷ் இரண்டு, போஷிக் ஒன்று. ஆறு மாதம் கழித்து புடாபெஸ்டில் மறு ஆட்டம். இங்கிலாந்து அதே அமைப்போடு போனது. இந்த முறை 1-7.

கவனியுங்கள், ஹங்கேரியின் உத்தி வேலை செய்ததற்கு ஒரு நிபந்தனை இருந்தது. எதிரணி யோசிக்காமல் இருக்க வேண்டும்.

பெர்ன்: பாடம் படித்த எதிரி

மறுபடி ரோமுக்குப் போவோம். கேன்னேயில் அவ்வளவு பேரை இழந்த பிறகும் ரோம் சரணடையவில்லை. முந்தைய ஆண்டே ஃபேபியஸ் மேக்ஸிமஸ் என்ற தலைவர் ஒரு வழி காட்டியிருந்தார். ஹனிபாலோடு பெரும்போர் செய்யாதே. பின்தொடர்ந்துகொண்டே இரு, தானியம் தேடி வருபவர்களை மடக்கு, நாளைக் கடத்து. அப்போது ரோமில் அவரைக் கோழை என்று ஏசினார்கள், 'தாமதக்காரர்' என்று பட்டம் கட்டினார்கள். கேன்னேக்குப் பிறகு ரோம் அதே வழிக்குத் திரும்பியது. காலம் தன் பக்கம் என்று கணக்குப் போட்டுக் காத்திருந்தது.

கேன்னேயில் தப்பிப் பிழைத்த இளைஞர்களில் ஒருவர் ஸிப்பியோ என்று லிவி எழுதுகிறார். கி.மு. 202இல் வட ஆப்பிரிக்காவில் ஸாமா என்ற இடத்தில் அதே ஸிப்பியோ ஹனிபாலை எதிர்கொண்டார். ஹனிபாலின் யானைகள் ஓடி வந்தபோது அவற்றை மறிக்காமல், படையணிகளுக்கு நடுவே சந்துகளை விட்டு, அந்த வழியாகவே போகவிட்டார். முன்பு ஹனிபாலுக்குப் பலமாக இருந்த நுமிடியக் குதிரைவீரர்களில் மாஸினிஸ்ஸா தலைமையிலான பெரும்பகுதி இப்போது ரோம் பக்கம். காலாட்படைகள் மோதிக்கொண்டிருக்க, ரோமின் குதிரைப்படை சுற்றி வந்து ஹனிபாலின் முதுகில் விழுந்தது. கேன்னேயில் அவர் நடத்திய பாடத்தை அவருக்கே ஒப்பித்துக் காட்டினார்கள்.

1954 உலகக் கோப்பை, ஸ்விட்சர்லாந்து. ஹங்கேரியும் மேற்கு ஜெர்மனியும் ஒரே பிரிவில். அந்தப் போட்டியின் விதிகள் விசித்திரமானவை. பிரிவில் நான்கு அணிகள் இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் இரண்டே ஆட்டம். துருக்கியை ஏற்கனவே 4-1 என்று வென்றிருந்த ஜெர்மனிக்கு, ஹங்கேரியிடம் தோற்றாலும் துருக்கியோடு இன்னொரு ஆட்டம் ஆடி உள்ளே நுழையும் வாய்ப்பு இருந்தது. பயிற்சியாளர் செப் ஹெர்பெர்கர் முதன்மை ஆட்டக்காரர்கள் பலரை உட்கார வைத்துவிட்டு ஹங்கேரியைச் சந்தித்தார். 3-8 என்று தோல்வி. ஊரில் கடும் கண்டனம். ஃபேபியஸுக்குக் கிடைத்த அதே மரியாதை! ஆனால் துருக்கியை 7-2 என்று மீண்டும் வென்று கால் இறுதிக்குப் போனார். ஒரு சண்டையைக் கொடுத்துவிட்டுப் போரைக் கையில் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

ஜூலை 4, பெர்ன் நகரில் இறுதி ஆட்டம், அதே இரண்டு அணிகள். எட்டு நிமிடத்துக்குள் ஹங்கேரி 2-0 முன்னிலை. பதினெட்டாம் நிமிடத்துக்குள் 2-2. ஹிடெக்குட்டி பின்வாங்குவார் என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். அவரைத் தொடரும் வேலையை ஹெர்பெர்கர் சென்டர் ஹாஃபிடம் கொடுக்காமல், நடுக்களத்து இளைஞர் ஹார்ஸ்ட் எக்கலிடம் கொடுத்தார். அதனால் தடுப்பு வரிசையின் நடுவில் ஓட்டை விழவில்லை. ஜான்ஸ்டனைத் திணறடித்த கேள்விக்கு இப்படி ஒரு விடை கிடைத்துவிட்டது. மழை வேறு. சேற்றுக்குத் தகுந்தபடி திருகி மாற்றிக்கொள்ளக்கூடிய ஆணிகள் கொண்ட பூட்ஸை ஆடி டாஸ்லர் ஜெர்மானியருக்குச் செய்து கொடுத்திருந்தார். ஹங்கேரியின் பந்து கோல் கம்பத்திலும் குறுக்குக் கம்பியிலும் பட்டுத் திரும்பியது. 84ஆம் நிமிடத்தில் ஹெல்முட் ரான் கோல் போட்டார். 3-2. நான்கு ஆண்டுகளாக அதிகாரபூர்வ சர்வதேச ஆட்டம் எதிலும் தோற்காத அணி அன்று தோற்றது.

நியாயமாகச் சொன்னால் அன்று ஹங்கேரி ஜெயித்திருக்கலாம். ஒரு கம்பம் இரண்டு அங்குலம் தள்ளி இருந்திருந்தால் இந்தப் பதிவே வேறு மாதிரி இருந்திருக்கும். போரியல் அறிஞர் கிளாஸ்விட்ஸ், போரில் தற்செயலுக்கு உள்ள பங்கை விரிவாக எழுதியவர். பெர்னில் பெய்த மழை அந்தக் கணக்கில் சேரும். ஆனால் எக்கலின் வேலை தற்செயல் அல்ல. அது எதிரணி உட்கார்ந்து யோசித்ததன் பலன்.

வெம்பிளியில் தோற்ற இங்கிலாந்து அணியின் ரைட் பேக் ஒருவர், அன்று பெனால்டியில் ஒரு கோலும் போட்டார். நாட்டுக்காக அதுவே அவருக்குக் கடைசி ஆட்டம். பெயர் ஆல்ஃப் ராம்ஸி. 1966இல் அதே வெம்பிளியில் இங்கிலாந்து உலகக் கோப்பையை வென்றபோது மேலாளர் அவர்தான். காலங்காலமாக ஆங்கிலக் கால்பந்தின் பெருமையாக இருந்த விங்கர்களையே நீக்கிவிட்டு இறுதி ஆட்டத்தை ஆடினார். தோற்ற களத்தில் நின்றவர்களே பிறகு வென்ற கதைகளில் ஸிப்பியோவுக்குப் பக்கத்தில் ராம்ஸியையும் வைக்கலாம்.

வரைபடத்தைக் காப்பியடித்தவர்கள்

ஹனிபாலின் பிறை வடிவம் பிற்காலத்தில் பலரை மயக்கியது. 1891 முதல் 1906 வரை ஜெர்மன் தலைமைப் படைத்தளபதியாக இருந்த ஷ்லீஃபென், ஓய்வு பெற்றபின் கேன்னேயைப் பற்றியே ஒரு கட்டுரைத் தொடர் எழுதினார். சுற்றி வளைத்து ஒரே அடியில் எதிரியை அழிப்பது அவருடைய கனவு. அவர் இறந்த மறு ஆண்டு, 1914 ஆகஸ்டில், ஜெர்மன் படை பெல்ஜியம் வழியாகப் பெரிய வளைவாகப் பிரான்சுக்குள் இறங்கியது. செப்டம்பரில் மார்ன் ஆற்றங்கரையில் அந்த வளைவு நின்றுபோனது. பிரெஞ்சுத் தளபதி ஜோஃப்ரே, கேன்னேயின் ரோமர்களைப்போல் குழிக்குள் நெருக்கிக்கொண்டு போகவில்லை. பின்வாங்கி, ரயிலில் படைகளை இடம் மாற்றி, பாரிஸ் பக்கமிருந்து ஜெர்மானியரின் வலப்புறத்தைத் தாக்கச் செய்தார். அதன்பின் நான்கு ஆண்டுப் பதுங்குகுழி யுத்தம்.

கால்பந்திலும் இதைப் பார்க்கிறோம். ஒரு பெரிய அணி ஓர் அமைப்பில் ஆடி ஜெயித்தால், அடுத்த ஆண்டே தாலுகா அளவுப் போட்டி வரை எல்லாரும் அதே எண்களைச் சொல்வார்கள். 4-3-3, 3-5-2. எண்களை எழுதிக்கொள்ளலாம். எந்த எதிரிக்கு எதிராக, எந்த நாளில், எந்தத் தரையில் அது வென்றது என்பது எண்களில் இல்லை.

ஒரு தந்தையின் கேள்வி

சில வாரங்களுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் எழுதினார். அவருடைய மகனுக்கு 13 வயது. ஒரு பயிற்சிக் கூடத்தில் கால்பந்து கற்கிறான். அங்கே பயிற்சியாளர், "இது யுத்தம். அவங்க டீம்ல எவன் நல்லா ஆடுறானோ அவனைப் பத்து நிமிஷத்துக்குள்ள நொண்ட வைங்க" என்றாராம். "சார், போரையும் ஃபுட்பாலையும் சேர்த்து எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது நீங்கதான். இப்ப இவனுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று கேட்டிருந்தார்.

நியாயமான கேள்வி. மழுப்பக்கூடாது. ஏனென்றால் பெர்ன் கதையிலேயே ஒரு கறை உண்டு. அந்த 8-3 ஆட்டத்தில் ஜெர்மனியின் லீப்ரிஷ் உதைத்ததில் புஷ்காஷின் கணுக்கால் காயமானது. அடுத்த இரண்டு ஆட்டங்களில் அவர் ஆடவில்லை. இறுதி ஆட்டத்துக்கு முழுதாகக் குணமாகாத காலோடு வந்தார். அது வேண்டுமென்றே செய்ததா என்ற வாக்குவாதம் இன்றுவரை ஓயவில்லை. வேண்டுமென்றே என்றால், அந்த வெற்றியின் ஒரு பகுதி களவு. ஹெர்பெர்கரின் யோசனையை நான் வகுப்பில் நடத்துவேன். அந்த உதையை நடத்தமாட்டேன்.

மாணவருக்கு நான் எழுதிய பதிலின் சுருக்கம் இது. போரின் கணக்குப்படி பார்த்தாலும் அந்தப் பயிற்சியாளர் சொல்வது மோசமான திட்டம். ஆளை அடித்து வீழ்த்துவது முடிவைத் தரும் என்றால் கேன்னேயோடு ரோம் முடிந்திருக்க வேண்டும். அடுத்து, நொண்ட வை என்று கேட்டுப் பழகிய பையனுக்கு ஹிடெக்குட்டியை எப்படித் தடுப்பது என்று யோசிக்க வேண்டிய அவசியமே வராது. 13 வயதில் அந்த யோசனை முளைக்காவிட்டால் பிறகு முளைப்பது கஷ்டம். மூன்றாவது, விளையாட்டின் கணக்கு. போர் எதிரி இல்லாமல் போவதற்காக நடக்கிறது. கால்பந்துக்கு எதிரணி வேண்டும். அடுத்த சனிக்கிழமையும் அவர்கள் இரண்டு காலோடு வர வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை. "உன் மகனை வேறு இடத்தில் சேர்" என்றும் எழுதினேன். சேர்த்துவிட்டார்.

இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் ஒரு நாள் இருக்கிறது. 1916 ஜூலை 1, பிரான்சில் ஸோம் போர்முனை. பிரிட்டிஷ் இராணுவத்தின் கேப்டன் நெவில், தன் வீரர்களுக்குப் பயம் தெளிய வேண்டும் என்று கால்பந்துகளை வாங்கி வந்திருந்தார். பதுங்குகுழியிலிருந்து எழுந்ததும் அந்தப் பந்துகளை ஜெர்மன் வரிசையை நோக்கி உதைத்துக்கொண்டே ஓடினார்கள். எதிரே இயந்திரத் துப்பாக்கிகள். நெவில் அன்றே மாண்டார். அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் 57,000க்கும் மேற்பட்டோர் இறந்தும் காயமுற்றும் வீழ்ந்தனர். இறந்தவர்கள் மட்டும் 19,000க்கு மேல். போரை விளையாட்டு என்று எண்ணினாலும் விளையாட்டைப் போர் என்று எண்ணினாலும் பலியாவது இளைஞர்கள்தான்.

இன்னொரு செய்தியும் உண்டு. பெர்னில் கோப்பையைத் தூக்கிய ஜெர்மன் கேப்டன் ஃப்ரிட்ஸ் வால்டர், இரண்டாம் உலகப் போரில் சிப்பாயாக இருந்தவர். 1945இல் சோவியத் கைதியாக ஒரு முகாமில் அடைபட்டிருந்தார். சோவியத் நாட்டுக்குள் அனுப்பப்பட இருந்த கூட்டத்தில் அவரும் ஒருவர். முகாமில் காவலர்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தபோது அவரும் கலந்துகொண்டார். காவலர்களில் ஒருவர் ஹங்கேரிக்காரர். முன்பு புடாபெஸ்டில் ஜெர்மனி 5-3 என்று ஹங்கேரியை வென்ற ஆட்டத்தைப் பார்த்தவர். ஆளை அடையாளம் கண்டுகொண்டார். வால்டரின் பெயர் பட்டியலிலிருந்து நீங்கியது, அவர் வீடு திரும்பினார். பின்னாளில் வால்டரே சொன்னது இது.

தன் நாட்டைத் தோற்கடித்தவனைத்தான் அந்தக் காவலர் காப்பாற்றினார். ஒன்பது ஆண்டு கழித்து அதே வால்டர் ஹங்கேரியிடமிருந்து உலகக் கோப்பையைத் தட்டிச் சென்றார். எதிர்ப்பக்கம் நின்ற புஷ்காஷும் பெயரளவில் ஓர் இராணுவ அதிகாரி. அவர் ஆடிய ஹோன்வெட் கிளப் ஹங்கேரிய இராணுவத்தின் கிளப். அதில் அவருக்கு மேஜர் பதவி. ஒரு மேஜரும் ஒரு முன்னாள் கைதியும் மழையில் நனைந்தபடி கை குலுக்கி ஆட்டத்தைத் தொடங்கினார்கள்.

உங்கள் ஊர் மைதானத்தில், உங்கள் பள்ளி அணியில், எதிரணியின் யோசனையைப் பார்த்து நீங்கள் வியந்த ஆட்டம் ஏதாவது இருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். ஸ்கோர் மறந்திருந்தாலும் பரவாயில்லை, என்ன செய்தார்கள் என்று எழுதுங்கள். பையன்களுக்கு, பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், வெம்பிளிப் படத்தைத் தரையில் குச்சியால் போட்டு, "நீ ஜான்ஸ்டனாக இருந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டுப் பாருங்கள். என் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக ஒரு விடை வந்தது.